அவைக்குறிப்பில் இல்லாதது

கழுத்து வெறுமையாகத் தெரிகிறதாம். டெய்சி சொல்கிறாள். மூன்று வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் முகத்தைக் கொடுக்கிறேன், பவுடர் பஞ்சு கழுத்துக்கு இறங்கும்போதெல்லாம் அவளுக்கு இது தோன்றிவிடும். "ஒரு முத்து மாலை மேடம், சின்னதா. லைட்ல எடுப்பா இருக்கும்." வேண்டாம் டெய்சி. "கவரிங்தான், யாருக்குத் தெரியப்போகுது?" வேண்டாம்னு சொன்னேனே. பாவம், அவளுக்குத் தெரியாது, இது எனக்கு எம்.எல்.ஏ. சீட்டு வாங்கிக்கொடுத்த கழுத்து. என் வீட்டுக்காரர் செழியன் இருந்தவரை அமுதவல்லி என்று நான் ஒருத்தி இருப்பதே கட்சியில் யாருக்கும் தெரியாது, எம்.எல்.ஏ. வீட்டில் காப்பி நன்றாக இருக்கும் என்பது மட்டும் தெரியும். பிரச்சார ஜீப் மலைப்பாதையில் உருண்டு அவர் போனார், இடைத்தேர்தல் வந்தது, காரியம் முடிந்த மறுநாளே மாவட்டச் செயலாளர் குணசீலன் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, நீ ஒண்ணும் பேச வேணாம். மேடையில வந்து நில்லு, கையைக் கூப்பு. மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுறோம்." நின்றேன். தொகுதி முழுக்க ஆளுயரப் படம் வைத்தார்கள், வெற்று நெற்றி, வெற்றுக் கழுத்து, குவித்த கை. நான் பொட்டு வைப்பதை விடவே இல்லை, ஆனால் படத்தில் அழித்துவிட்டார்கள். மேலக்கோம்பைத் தொகுதியே அந்தக் கழுத்தைப் பார்த்து அழுதது, அழுது ஓட்டுப் போட்டது. ஜெயித்த பிறகுதான் அவர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது, அந்தக் கழுத்துக்குள் தொண்டை ஒன்று இருக்கிறது என்று. டெய்சி, பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிசா வை. "இதுக்கு மேலயா மேடம்?" ஆமா, இதுக்கு மேலதான்.

கண்ணாடியில் எனக்குப் பின்னால் ஸ்ரீதர் வந்து நிற்கிறான். நிகழ்ச்சித் தயாரிப்பாளர், நல்ல பையன், ஆனால் கெட்ட செய்தி கொண்டுவரும்போது மட்டும் கதவைத் தட்டிவிட்டு வருவான், இன்று தட்டினான். "மேடம், அமைச்சர் குணசீலன் கிளம்பிட்டாராம். இன்னும் அரை மணியில லைவ்." தெரியும். "தலைப்பு அதேதான், வேலைக்குப் போகும் பெண்கள். ஆடியன்ஸ் எல்லாரும் உக்காந்தாச்சு." தெரியும், சொல்ல வந்ததைச் சொல்லு ஸ்ரீதர். அவன் டெய்சியைப் பார்க்கிறான், டெய்சி சீப்பை எடுக்கும் சாக்கில் மூலைக்குப் போகிறாள். "மேல இருந்து போன் வந்துச்சு. எல்லாம் கேளுங்க, சம்பளம், பஸ், கழிப்பறை, எது வேணா. அந்த மில் விஷயம் மட்டும் வேணாமாம்." யாரு சொன்னா? "மேலதான்." இந்தக் கட்டடத்தில் மொட்டைமாடிக்கு மேலே காக்காயைத் தவிர யாரையும் நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், சட்டமன்றத்திலும் அப்படித்தான் இருந்தது, மேலிடம் விரும்பவில்லை, மேலிடம் வருத்தப்படுகிறது, மேலிடத்துக்குத் தலைவலி. நான் பதில் சொல்லவில்லை. "ரொம்பத் தேங்க்ஸ் மேடம்" என்று போய்விட்டான். நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது இந்த ஆண்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ. நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மில் விஷயம். அதற்கு அப்படி ஒரு பெயர் ஆகிவிட்டது, விஷயம். மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகக் கொடுப்போம் என்று சொல்லி ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டிவந்த நூல்மில், என் தொகுதியில்தான், ஆற்றுப்பாலம் தாண்டி. உள்ளேயே விடுதி. படுத்ததும் வெளியே பூட்டுவார்கள், விடிகாலைச் சங்கு ஊதினால் திறப்பார்கள். சங்கு ஊதுவதற்கு முன்னால் பஞ்சு மூட்டையில் பிடித்த தீ விடுதிக்கு ஏறியது. நான் போனபோது சுவர் இன்னும் சுட்டது. வாசலில் ஒரு குவியல் ரப்பர் செருப்பு, ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கிடந்தது, எது யாருடையது என்று தாய்மார்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள், நான் சட்டமன்ற உறுப்பினர், கரைவேட்டிகள் புடைசூழ நிற்கிறேன், ஒரு அம்மா நிமிர்ந்து "ஏத்தா, எம்புள்ளைக்கு நீலக்கலரு வாரு" என்றாள் என்னிடம், எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல. நீலக்கலர் வார். அதற்குப் பிறகு நீலக்கலரில் நான் செருப்பு வாங்கியதில்லை. இரும்புக்கதவில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டை நான் என் கண்ணால் பார்த்தேன், மறுநாள் போனபோது கதவும் இல்லை, பூட்டும் இல்லை, நிலைச்சட்டத்தையே பெயர்த்துவிட்டார்கள். அப்போது குணசீலன் தொழிலாளர் துறை அமைச்சர். சபையில் எழுந்தேன். என் கட்சி ஆட்சி, என் கட்சி அமைச்சர், பக்கத்திலிருந்தவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உட்காரும்மா, உட்காரும்மா. சாவி யாரிடம் இருந்தது? அவ்வளவுதான் கேட்டேன். பெரிய சொற்பொழிவெல்லாம் இல்லை. அவர் எழுந்து, துண்டைச் சரிசெய்து, கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை என்றார், பிள்ளைகள் பயத்தில் கதவைத் திறக்கத் தெரியாமல் என்றார். திறக்கத் தெரியாமல். ஓடுகிற மெஷினில் அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுகிற பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியவில்லை. திறக்கத் தெரியாமல், இந்த வார்த்தையில் வந்து நான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன், பல் தேய்க்கும்போது மாட்டிக்கொள்கிறேன், வெங்காயம் நறுக்கும்போது மாட்டிக்கொள்கிறேன். நான் மறுபடி கேட்டேன், சாவி யாரிடம் இருந்தது. உறுப்பினரின் பேச்சு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது, என்றது சபாநாயகர் நாற்காலி. மைக் அணைந்தது. மறுநாள் அச்சில் அவர் பதில் இருந்தது, என் கேள்வி இல்லை. யாரும் கேட்காத கேள்விக்கு ஒருவர் எழுந்து பதில் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்தேன், எம்.எல்.ஏ. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை, காவலுக்கு இருந்த பெண் போலீஸ் கதவைத் தட்டி "அம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கும் அளவுக்கு.

அடுத்த முறை சீட்டு இல்லை. எதிர்பார்த்ததுதான். கூட்டத்துக்குக் கூப்பிடுவது நின்றது, கல்யாணப் பத்திரிகைகள் நின்றன, பிறகு வணக்கம் சொல்வதும் நின்றது. இந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டபோது ஊரே சிரித்தது, சட்டமன்றத்தில் விலை போகாததால் டிவிக்குப் போய்விட்டாள், முகத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று. அடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பிடித்திருக்கிறது. யாரிடமும் இதற்கு வெட்கப்பட்டு விளக்கம் சொல்லப்போவதில்லை. 'கேட்டுத்தான் பார்ப்போமே' என்று நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தது நான்தான். முதல் வாரம் மேடைப்பேச்சுப் பேசிக் கெடுத்தேன், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, காமிராக்காரர் இஸ்மாயில் தனியாகக் கூப்பிட்டு "அக்கா, அவங்க உங்க முன்னாடிதான் இருக்காங்க, மைதானத்து கடைசியில இல்ல" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அரசியலில் சும்மா இருந்தால் அடுத்தவன் ஏறி உட்கார்ந்துகொள்வான். இங்கே நான் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவருக்கு அந்த அமைதி தாங்காது, எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பார், பெரும்பாலும் உண்மை கைக்குச் சிக்கும். எம்.எல்.ஏ.வாக இருந்தபோது மனுவை நீட்டிக் காலில் விழுந்தார்கள். இப்போது கோயம்பேட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து தோளில் தட்டி, போன வாரம் அந்த ஆபீசரை இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும்க்கா, விட்டுட்டீங்களே, என்று திட்டுகிறார்கள். காலில் விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மகள் தென்மொழி கூப்பிடுகிறாள். மடியில் போன் அதிர்கிறது. அவள் அப்பா ஆசையாக வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று அழுவாள். "அம்மா, இன்னிக்கு யாரு வர்றாங்க?" தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி கேக்குற. "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. சுதாகருக்கு இந்த மாசம் டிரான்ஸ்பர் லிஸ்ட் வருது. ஆஸ்பத்திரியில எல்லாரும் உன் புரோகிராம் பாக்குறாங்க. நீ இன்னிக்கு அமைச்சரை ஏதாவது கேட்டேன்னா எங்களை மலைக்குத் தூக்கிப் போட்டுருவாங்க. பாப்பாவுக்கு ஏற்கனவே மூச்சிரைப்பு, அந்தக் குளிர்ல எப்படிம்மா?" மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி வேலை. பின்னால் பாப்பா இருமுகிறது, அல்லது எனக்கு அப்படிக் கேட்கிறது. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அமைதியா இரேன்." அதோடு விடாமல் சொல்கிறாள், "நீ பாட்டுக்குக் கேள்வி கேட்டுட்டுப் போயிடுறம்மா. பதில் எங்க வீட்டுக்கு வருது." இப்படிப் பேச இவள் எங்கே கற்றாள், என்னிடம்தான் கற்றிருப்பாள். சீட்டு போன வருஷம் இவள் கல்யாணத்துக்குக் கட்சிக்காரன் ஒருவன்கூட வரவில்லை, சமைத்ததில் பாதி மிஞ்சியது, இவள் மணமேடையிலிருந்து காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. வச்சுருறேன் கண்ணு, நேரமாச்சு. "அம்மா, சொல்லேன், கேக்க மாட்டேன்னு." வச்சுருறேன். டெய்சி மூலையிலிருந்து என்னையே பார்க்கிறாள். என்ன பாக்குற, புருவத்தைச் சரி பண்ணு.

பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று சொல்வதெல்லாம் மேடைக்கு. என் பயம் மாற்றல் உத்தரவு மட்டுமல்ல, அது ஒரு பக்கம். குணசீலனைக் கேட்க வேண்டும் என்று எனக்குள் துடிப்பது அந்தப் பிள்ளைகளுக்காகவா, இல்லை என் மைக்கை அணைத்தார்களே அதற்காகவா? அவரை விளக்குக்கு நடுவில் உட்காரவைத்து, கழுத்து வேர்ப்பதைக் காமிராவில் கிட்டத்தில் காட்டி, ஊர் பார்க்க, இந்தப் படம் எத்தனை தரம் எனக்குள் ஓடியிருக்கிறது, அதில் பிள்ளைகள் இருந்தார்களா? சில தரம் இல்லை. சில தரம் நான் மட்டும்தான் இருந்தேன். அப்படியென்றால் இது வன்மம். சரி, வன்மம். வன்மம் இருந்தால் கேள்வி பொய்யாகிவிடுமா? சாவி யாரிடம் இருந்தது என்பதற்குள் என் கோபமும் கிடக்கட்டுமே, கேள்வி அப்பவும் அதே கேள்விதான். இரண்டும்தான். இருந்துவிட்டுப் போகட்டும். சுத்தமான மனசு வரட்டும் என்று காத்திருந்தால் இந்த நாட்டில் எவளும் எவனையும் எதுவும் கேட்க முடியாது. தவிர, இது நான் ஆரம்பித்ததும் இல்லை. அமைச்சர் வருகிறார் என்று டிவியில் விளம்பரம் ஓடிய அன்று எனக்குப் போன் வந்தது. நாகஜோதி. அந்த விடுதியிலிருந்து உயிரோடு வந்தவள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். "அக்கா, அவரு வர்றாராமே. நானும் வந்து உக்காரட்டுமா?" பேசுவியாம்மா? "கேட்டா பேசுவேன்." கொஞ்ச நேரம் முன்பு உள்ளே போய்ப் பார்த்தேன், மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் இருக்கிறாள். உன்னை நான் ஆயுதமா வச்சுக்கிட்டேன்னு பின்னாடி தோணிறக்கூடாது ஜோதி, இப்பக்கூட வேணாம்னா சொல்லு, என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாந்தானக்கா ஒங்களுக்குப் போன் போட்டேன்?" என்றாள். சேலையைச் சரிசெய்தபோது உள்ளங்கையைப் பார்த்தேன். சுட்ட இரும்பைத் தள்ளித் தள்ளி, அதில் ரேகை என்று ஒன்றும் இல்லை. திறக்கத் தெரியாத கை.

விளக்குகள். எப்போதும் முதலில் கண் கூசும், பிறகு எதிரில் இருப்பவர் முகம் மட்டும் தனியாகத் தெரியும். குணசீலனுக்கு முடி கறுப்பாகிவிட்டது, வயது ஏற ஏற கறுப்பாகிக்கொண்டு வருகிறது. இப்போதும் அமைச்சர், துறைதான் வேறு. சட்டைப்பையில் மைக் மாட்டும் பெண்ணிடம் ஊரைக் கேட்கிறார், அவள் ஊரில் தனக்குத் தெரிந்தவர் பேரைச் சொல்கிறார், அவள் மலர்ந்துபோகிறாள், இந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. "என்ன தங்கச்சி, எளச்சுப்போயிட்ட?" நல்லா இருக்கேன்ணே. இஸ்மாயில் விரலை மடக்குகிறார், சிவப்பு விளக்கு எரிகிறது, வணக்கம் என்று என் வாய் சொல்கிறது. பேருந்து கேட்கிறேன். கழிப்பறை கேட்கிறேன். செவிலியர் ஒருத்தி எழுந்து சம்பளம் கேட்கிறாள், பதில் வருகிறது, கைதட்டலும் வருகிறது, காதில் செருகிய கருவியில் ஸ்ரீதர் "சூப்பர் மேடம், அப்படியே போங்க" என்கிறான். அப்படியே போகலாம். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் முடிந்துவிடும், சுதாகர் அங்கேயே இருப்பான், பாப்பா இருமாது, நான் வீட்டுக்குப் போய் ரசம் வைக்கலாம். வாய் தானாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது, மனசு மூன்றாவது வரிசைக்குப் போய்ப் போய் வருகிறது. அவள் கையைத் தூக்கவில்லை. கேட்டால் பேசுவேன் என்றவள் கேட்பதற்காகக் காத்திருக்கிறாள், இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள். பாப்பாவை நான் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறேன், சென்னையில் ஏது குளிர். தென்மொழி இரண்டு மாதம் பேசமாட்டாள், பேசாமல் இருக்கட்டும், அப்புறம் பேசுவாள். குணசீலன் சாய்ந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்துச் சொல்கிறார், எங்கள் ஆட்சியில் பெண்களின் பாதுகாப்புக்குத்தான் முதலிடம், அதை யாரும் மறுக்க முடியாது. அண்ணே, என்கிறேன். நீங்க தொழிலாளர் துறையில இருந்தப்ப மேலக்கோம்பை மில் விடுதியில தீப்பிடிச்சுது. விடுதிக்கதவு பூட்டியிருந்துது. சாவி யார்கிட்ட இருந்துது?

சும்மா இருக்கிறேன். காதில் ஸ்ரீதர் "மேடம் மேடம் மேடம்" என்கிறான். குணசீலனின் சிரிப்பு முகத்திலேயே இருக்கிறது, உள்ளிருந்து யாரோ அதைத் தாங்கிப் பிடித்திருப்பது போல. "பழைய கதை தங்கச்சி. பூட்டவே இல்லன்னு அன்னிக்கே சபையில சொல்லிட்டேன்." மூன்றாவது வரிசையில பச்சைச் சேலை, மைக் குடுங்க அவங்களுக்கு. நாகஜோதி எழுந்திருக்கிறாள். "எம்பேரு நாகஜோதி. நான் அந்த விடுதியில இருந்தேன். பூட்டியிருந்துச்சுங்கய்யா. நான், சரண்யா, பாண்டீஸ்வரி, மூணு பேரும் சேர்ந்து தள்ளினோம்." மைக்கை மாற்றிப் பிடிக்கிறாள். "பாண்டீஸ்வரி எனக்கு முன்னாடி நின்னா." அப்போது சிவப்பு விளக்கு அணைகிறது. எனக்குத் தெரிகிறது, இஸ்மாயிலுக்குத் தெரிகிறது, அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். நாட்டு மக்கள் இப்போது சோப்பு விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குணசீலனுக்கும் தெரிந்துவிட்டது, உடம்பு தளர்கிறது, மைக்கைக் கழற்றுகிறார். "அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. எந்திரி தங்கச்சி." ஆனால் நாகஜோதிக்கு விளக்கைப் பற்றி என்ன தெரியும், அவள் சொல்லிக்கொண்டே போகிறாள், பாண்டீஸ்வரியின் தலைமுடியில் தீப்பிடித்ததை, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டும் வாட்ச்மேன் எனக்கு உத்தரவு இல்லை என்றதை, கூடத்து ஒலிபெருக்கியை யாரும் அணைக்க மறந்திருக்கிறார்கள், அவள் குரல் சுவரெல்லாம் இருக்கிறது. யாரும் அவளை நிறுத்தவில்லை. நான் காதிலிருப்பதை எடுத்து மேஜையில் வைக்கிறேன். எழுந்து நின்ற குணசீலன் போகும் வழியில் அவள் வரிசை. எல்லாப் பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கோபமாகக்கூட இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல. அவருக்கு அது தாங்கவில்லை. "என்னம்மா, ஆளாளுக்குப் பாக்குறீங்க? வயசுப்புள்ளைங்கம்மா. எடம் விட்டு எடம் வந்து தங்கியிருக்குதுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவனுக்கு யார் பதில் சொல்றது? பூட்டாம எப்படி வைக்கிறது?"

சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே இன்னும் எட்டவில்லை. அவருடைய உதவியாளர் முகத்தில் முதலில் எட்டுகிறது, அந்த ஆள் "அய்யா" என்று மெதுவாகக் கையைப் பிடிக்கிறார். எட்டட்டும், அவசரமில்லை. ஒளிபரப்பு இல்லை, பதிவும் இருக்காது, ஸ்ரீதர் மேலே இருப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான், இந்தப் பெண்களின் போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் என்ன. காதை வாங்கி வைக்கவில்லையே. செவிலியர், பஸ் கண்டக்டர், தையல்காரர், பள்ளி ஆயா, வீட்டு வேலை செய்கிறவர், இந்த எண்பது பேரும் நாளைக்கு எண்பது வாசலில் நின்று பேசுவார்கள், அதில் எதையும் நீக்க எந்த நாற்காலிக்கும் அதிகாரம் கிடையாது. பூட்டாம எப்படி வைக்கிறதுன்னு கேட்டாரு அமைச்சரு, நான் என் காதால கேட்டேன். இந்த நிகழ்ச்சி நாளை முதல் இருக்காது, அது நிச்சயம். இப்போது இருக்கிறது. நாகஜோதி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், அழவில்லை, அவள் பக்கத்திலிருக்கும் கண்டக்டர் பெண் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்திருக்கிறாள். இஸ்மாயில் காமிராவை விட்டு வெளியே வந்து என்ன செய்வது என்று என்னைப் பார்க்கிறார். உட்காருங்க இஸ்மாயில், எங்கயாவது உட்காருங்க. பின்வரிசையில் ஒரு கை உயர்கிறது, தயங்கி இறங்குகிறது, மறுபடி உயர்கிறது, அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க, இன்னும் முடியல" என்கிறேன் குணசீலனிடம். அவர் கதவைப் பார்க்கிறார், பெண்களைப் பார்க்கிறார், நின்றபடியே நிற்கிறார். நான் மைக்கை எடுத்துக்கொண்டு படியேறி அந்தக் கையிடம் போகிறேன். வயதான அம்மா, மூக்குத்தி, துப்புரவுப் பணியாளரின் பச்சைச் சீருடை. "டிவில வருமா?" என்று கேட்கிறாள். வராதும்மா, என்கிறேன். ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். பிறகு மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.